கூட்ஸின் முதுகு

கூட்ஸின் முன்பாதி மங்கையர்க்கரசியின் மடியில் உட்கார்ந்திருந்தது. பின்பாதி, மடியில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவள் தொடைகளுக்கு நன்றாகத் தெரிந்தது. முன்னங்கால்கள் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிர் பெஞ்சில் கூடைக்குள் இருந்த பூனையைப் பார்த்துத் துடித்தன, மூக்கு ஈரமாக இருந்தது, ஒவ்வொரு குரைப்புக்கும் காது தூக்கிக்கொண்டது, நாய் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தான், இடுப்பு வரைக்கும். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் ஈரத்துணி மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. அவள் அவற்றை எடுத்து ஒழுங்காக மடித்து வைப்பாள், கொஞ்சம் அசைந்தால் போதும், மறுபடி சரியும். கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக் கூடத்தில் பினாயில் வாடையும் நனைந்த ரோம வாடையும் யாரோ பிரித்த புளிசாதப் பொட்டலத்தின் வாடையும் கலந்து அடித்தன. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் மட்டும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி இட்லி சாப்பிட்டார், எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ. அவள் புருஷன் குழந்தைவேல், பழைய துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த வெறிநாய்க்கடி எச்சரிக்கையை ஓர் எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டும். பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி மனப்பாடமே செய்யட்டும். அவளிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. உங்களாலதான். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டாம். எப்போது எடுத்து வீசுவது என்பதுதான் பாக்கி.

ஈரோட்டிலிருந்து கிளம்பும்போது அந்த வார்த்தை அவளிடம் இல்லை. கிளம்பும்போது நம்பிக்கைதான் இருந்தது, ஆபரேஷன் என்றால் ஆபரேஷன், இந்தக் காலத்தில் எதைத்தான் செய்வதில்லை, மனுஷனுக்கே முதுகைத் திறந்து மூடி அனுப்புகிறார்கள் என்று அவளே அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். பள்ளிபாளையம் பாலத்தில் கார் போகும்போது கூட்ஸ் ஜன்னலில் மூக்கை நீட்டிக் காவிரிக் காற்றை இழுத்தான், பாரு புள்ள, நல்லாத்தான இருக்குறான் என்று அவர் சொன்னார், அவளும் ஆமாங்க என்றாள். வார்த்தை வந்தது இந்தப் பெஞ்சில்தான். கொஞ்ச நேரம் முன்பு பக்கத்தில் நின்று பேசிய சேலத்து அம்மாவால் வந்தது. பாவம், அந்த அம்மா நல்ல மனசோடுதான் பேசினாள். அவள் கயிற்றில் பிடித்திருந்ததும் இதே ஜாதி, கட்டைக்கால், நீட்டு முதுகு, முதுகில் ரோமம் மழித்த இடத்தில் தையல் தழும்பு, ஆனால் அது தரையில் நின்றது, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு நின்றாலும் நான்கு காலில் நின்றது. "உங்களுதும் டிஸ்க்குங்களா? எங்களுக்கும் இதேதான். சாயங்காலம் கால் இழுத்துச்சு, அன்னிக்கே தூக்கிட்டு ஓடியாந்துட்டோம். ஓடியாந்ததாலதான் பொழச்சான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க எப்ப வந்தீங்க?" மங்கையர்க்கரசி வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேல், இப்பத்தானுங்க, என்றார். இப்பத்தான். என்ன இப்பத்தான்? இப்பத்தான் கூடத்துக்குள் வந்தோம் என்பது நிஜம். அந்த அம்மா கேட்டது அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், அதனால்தான் உடனே சுவரைப் படிக்க ஆரம்பித்தார். அந்த நாய் ஆடி ஆடி நடந்து வெளியே போனதை அவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், வாசல் தாண்டும் வரைக்கும் பார்த்தாள், அதன் பின்னங்கால் நகங்கள் தரையில் உரசிய சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. நான் அன்னிக்கே சொன்னனில்ல. இதுவும் நல்ல வாக்கியம்தான். சொன்னாள்தானே? சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க என்று சொன்னாள். ஒருதரம். இந்த இடத்தில் வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடும். ஒருதரம்தான் சொன்னாள். கறிவேப்பிலை வாங்கி வாருங்கள் என்பதை நாலுதரம் சொல்கிறவள், சட்டையை மாற்றுங்கள் என்பதைப் பத்துதரம் சொல்கிறவள், இதை ஒருதரம்தான் சொன்னாள்.

கூட்ஸ் என்று பேர் வைத்ததும் அவர்தான். மகள் வினோதினி இந்தக் குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போனாள். அவள் வைத்த பேர் ஏதோ மிட்டாய்ப் பேர், வாயில் நுழையாது. இவர் அதைத் தரையில் விட்டு, முன்னால் தலை போய், கொஞ்ச நேரம் கழித்து வயிறு போய், அப்புறம் வால் போவதைப் பார்த்துவிட்டு, இதென்ன கூட்ஸ் வண்டியா என்றார், பேர் ஒட்டிக்கொண்டது. ரயில்வே காலனிப் பிள்ளைகள் அவன் தெருவில் போனால் ஒன்று இரண்டு என்று பெட்டி எண்ணுவார்கள். அவருக்கு அதில் பெருமை தாங்காது. நீளம், நீளம், எப்போதும் நீளம்தான் பேச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் நாயைச் சோபாவில் நீட்டிப் படுக்க வைத்து, எத்தனை பேர் உட்காரும் இடம் பாருங்க என்பார். ஆயுத பூஜை அன்று அந்தக் கூத்து உச்சத்துக்குப் போகும். ரயில்வே ஷெட்டில் முப்பத்திச் சொச்சம் வருஷம் ஆயுத பூஜை செய்த மனுஷன், ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனரும் சுத்தியலும் இரும்பு டேப்பும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் டேப்பை எடுப்பார். பூஜை முடிந்து முதல் வேலை நல்ல வேலையாக இருக்க வேண்டுமாம். கூட்ஸுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு, கழுத்தில் ஒரு முழம் கதம்பம். அவன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்க, இவர் ஒரு முட்டி போட்டு, பிடரியிலிருந்து வால் மொட்டு வரைக்கும் அளந்து, போன வருஷத்தைவிட அரை இஞ்சு கூடியிருக்குது புள்ள என்பார். வளர்ந்த நாய் எங்கே நீளும், பக்கவாட்டில்தான் நீளும், நீங்க ஊட்டுற நெய்ச்சோத்துக்கு, என்று அவள் கேலி செய்வாள். கழுத்தையும் சேர்த்து அளக்கறீங்களாக்கும் என்பாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கேலி செய்தாளே தவிர அவளுக்கும் அந்த நீளம் பிடிக்கும், அடுப்படியில் அவள் காலடியில் அவன் படுத்தால் ஒரு பாதத்தில் தலையும் மறு பாதத்தில் இடுப்பும் படும், இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் சூடாக இருக்கும். அவனுடைய எந்த இஞ்சையும் குறைக்க அவள் சம்மதித்திருக்க மாட்டாள்.

அப்புறம் அந்தக் காலை. பால்காரர் மணி அடித்தும் கூட்ஸ் கேட்டுக்கு ஓடாமல், மேசைக்கடியில் முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினான். தூக்கப் போனபோது வீலென்று கத்தினான். மத்தியானத்துக்குள் பின்னங்கால் பின்னிக்கொண்டது, சாயங்காலம் இழுத்துக்கொண்டு வந்தான். முன்னங்கால் இரண்டால் சிமெண்டுத் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு அவளிடம்தான் வந்தான், வந்து அவள் முகத்தைப் பார்த்தான், ஏதோ அவள் கட்டிவிட்டதை அவள்தான் அவிழ்க்க வேண்டும் என்பது மாதிரி. அப்போதுதான் சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. அவர் தரையில் உட்கார்ந்து, நாயின் பின்னங்கால் விரலைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினார். கால் வெடுக்கென்று மேலே போயிற்று. கூட்ஸ் கத்திக்கொண்டே திரும்பி அவர் கையைக் கவ்வ வந்தான். அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "பாரு புள்ள, பதில் சொல்றான். பதில் சொல்ற வரைக்கும் பயமில்ல. சுளுக்குத்தான் புடிச்சிருக்குது, ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். நாலு நாள்ல எந்திரிச்சுக்குவான்." அவருக்கு அப்படித்தான் தெரியும். வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவதுதான் அவர் வேலை. நல்ல சக்கரம் மணி மாதிரி சத்தம் தரும், விரிசல் விட்ட சக்கரம் சத்தமே தராமல் அமுங்கிப் போகும். தட்டினால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் வண்டியை விடலாம். அவர் கையால் விட்ட வண்டி ஒன்றுகூடத் தடம் புரண்டதில்லை. அவர் சொன்னதும் அவளுக்கு எப்படி இருந்தது? இப்போது கோபமாக இருக்கிறதே, அப்போது எப்படி இருந்தது? இனித்தது. நிஜத்தைச் சொன்னால் இனித்தது. பின்வீட்டுக் கோகிலா தன் நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வெறும் கழுத்துப் பட்டையோடு திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள், அந்தப் பட்டை இன்னும் அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு அந்த ஆணிதான். அதனால் அவர் வேண்டாம் என்றதும் இரண்டாம் தரம் அவள் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒத்தடத்துக்குத் தவிட்டை வறுத்தாள்.

தினமும் காலையில் காபி குடித்ததும் சோதனை. விரலை அழுத்துவார், கால் இழுக்கும், அவன் கத்துவான், இவர் தலையாட்டுவார், அவள் கத்தலைக் கேட்க முடியாமல் குழாயைத் திறந்து விடுவாள். வெள்ளிக்கிழமை காலை குழாயைத் திறக்க மறந்துவிட்டாள், கத்தல் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் அழுத்திக்கொண்டிருந்தார், கால் இழுத்துக்கொண்டது, கூட்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். "வலி கொறஞ்சிருச்சு புள்ள!" என்று எழுந்தே விட்டார். அன்றைக்கு ஒப்புட்டு சுட்டாள். நல்ல நாளும் இல்லை, விசேஷமும் இல்லை, கடலைப்பருப்பை வேகவைத்து வெல்லம் போட்டுப் பூரணம் கிண்டி, வாழையிலையில் தட்டித் தட்டிச் சுட்டாள். வினோதினிக்குப் போன் போட்டு, தேறிட்டான் கண்ணு, வலியே இல்ல இப்ப, என்று அவர் கத்திப் பேசினார். கூட்ஸுக்கும் பாதி ஒப்புட்டு. அவன் அதைத் தின்றுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் விட்டதை இருவரும் பார்த்தார்கள், அவள் துணியால் துடைத்துவிட்டு அடுத்த ஒப்புட்டைத் தட்டினாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதுதான், போவது அவனுக்கே தெரியாமல் போயிற்று, இடுப்பில் தரை உரசிய புண் வந்தது, புண்ணில் ஈ உட்கார்ந்தது, ஈயைக்கூட அவன் விரட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் காருக்குச் சொன்னார்.

"இருபத்தொண்ணு! நாய், முதுகு கேஸ்!" கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது, ஒரு நொடி அவளுக்கும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாதது போல இருந்தது, ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி திரும்பி வந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கதவருகே நின்றவர், ஒருத்தர் மட்டும் வாங்க என்றார். மங்கையர்க்கரசி புருஷனைப் பார்த்தாள். இத்தனை நாள் தட்டிப் பார்த்தவர் அவர்தானே, அவர்தானே போக வேண்டும். "நீ போ புள்ள," என்றார் அவர், துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு. "இழுக்குதுன்னு சொல்லு. தினமும் இழுக்குது, வலியும் கொறஞ்சிருச்சுன்னு மறக்காமச் சொல்லு." சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன், வந்து உங்களிடமும் ஒன்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு தகர மேசை. பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டில் ஒரு பெண், மேல்படிப்புப் படிக்கிறவளாம், வினோதினியைவிடச் சின்னவள், கையில் துணி டேப். "அம்மா, டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடி அளவு எடுத்துக்கறேன். இந்த வியாதி வர்ற எல்லா நாய்க்கும் எடுக்கறோம். நீளம், உயரம், மார்பு, இடுப்பு." எதுக்கம்மா என்று மங்கையர்க்கரசி கேட்டாள். "முதுகு நீளமா, கால் கட்டையா இருக்கறதுக்கும் டிஸ்க் வர்றதுக்கும் எவ்வளவு சம்பந்தம்னு பார்க்கறோம். இந்த ஜாதியே அப்படி உண்டாக்கினதுதானே. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கும், இவங்களுக்கு அது சின்ன வயசுலயே காஞ்சு போயிடும், பிதுங்கி நரம்பை அழுத்திடும். இன்னும் நீளமா இருந்தா இன்னும் மோசமான்னு உறுதியாச் சொல்ல முடியலை, அதுக்குத்தான் அளக்கறோம்." பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் பஃபர் என்று ஒன்று இருக்கும், இடியைத் தாங்குகிறது அதுதான் என்று குழந்தைவேல் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார். அதுபோலத்தான் போலிருக்கிறது. அரை இஞ்சு கூடியிருக்குது புள்ள. அந்தப் பெண் பிடரியில் டேப்பை வைத்தாள். கூட்ஸ் டேப்பைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தினான், அவனுக்கு டேப் என்றால் பூஜை, டேப் என்றால் பொரிகடலை. "நிக்க வெச்சாத்தான் சரியா வரும். பின்னாடி கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா." அவள் இரண்டு கைகளையும் அவன் இடுப்புக்கடியில் கொடுத்துத் தூக்கினாள், பாதங்களைத் தகரத்தில் ஒழுங்காக ஊன்ற வைத்தாள். அவன் நின்றான். அவள் கைதான் அவனை நிறுத்தியது என்பதை மறைத்துவிட்டுப் பார்த்தால் நின்றான், கட்டைக்கால் நாலும் ஊன்றி, முதுகு ஒரே கோடாக, எதிர்ச் சுவர்க் கண்ணாடி அலமாரியில் அவன் உருவம் தெரிந்தது, போன வருஷத்துக் கூட்ஸ், பொட்டு மட்டும்தான் இல்லை. அந்தப் பெண் வால் மொட்டில் விரலை வைத்து அளவைப் படித்தாள், உயரத்தைப் படித்தாள், ரெண்டு மடங்குக்கும் மேல என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அளவு முடிந்தது, விட்டுடலாம்மா என்றாள். மங்கையர்க்கரசிக்கு விட மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அளக்கக் கூடாதா, காதை அளக்கட்டும், வாலை அளக்கட்டும், ஒவ்வொரு விரலையும் அளக்கட்டும், அளக்கிற வரைக்கும் அவன் நின்றுகொண்டிருப்பான். விட்டுடலாம்மா, என்றாள் அந்தப் பெண் மறுபடியும். விட்டாள். பின்பாதி சரிந்தது.

பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். முதுகெலும்பு நெடுக விரலால் தடவி வந்து ஓரிடத்தில் நின்றார். பிறகு கத்திரி மாதிரி ஒரு கருவியை எடுத்து முதலில் முன்னங்கால் விரலைக் கவ்வினார். கூட்ஸ் வீலென்று கத்தி, தலையைத் திருப்பி, பல்லைக் காட்டினான். அடுத்தது பின்னங்கால். கவ்வினார். கால் வெடுக்கென்று மேலே போயிற்று. "இழுத்துட்டானுங்க!" என்று அவள் கத்தியேவிட்டாள். "தினமும் இப்படித்தானுங்க இழுக்குறான். எங்க வீட்டுக்காரர் தினமும் அமுக்கிப் பாக்குறாருங்க." டாக்டர் அவளை ஒருதரம் பார்த்தார். "அம்மா, காலைப் பார்க்காதீங்க. அவன் முகத்தைப் பாருங்க." இன்னும் பலமாக அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கால் இழுத்து இழுத்து உதைத்தது. அவள் முகத்தைப் பார்த்தாள். கூட்ஸ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அமைதியாக, கொஞ்சம் சலிப்போடு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது போல. கத்துடா. அவள் வாய்க்குள் சொன்னாள். கத்துடா தங்கம். அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டாத குறையாக வளர்த்தவள், அவன் முனகினாலே பொறுக்க மாட்டாதவள், அவனுக்கு வலிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றாள். வலிக்கட்டும் முருகா, உயிர் போகிற மாதிரி வலிக்கட்டும், என்னைக் கடிக்கட்டும், என் விரலைத் துண்டாக்கட்டும், திரும்பிப் பாருடா, ஒரே ஒருதரம் அந்தக் காலைத் திரும்பிப் பாரு. அவன் நாக்கை நீட்டி அவள் மணிக்கட்டை நக்கினான்.

டாக்டர் கருவியை வைத்துவிட்டார். "கால் இழுக்கறது தண்டுவடம் தானாச் செய்யற வேலைம்மா. அடுப்புச் சூடு பட்டா நாம நினைக்கிறதுக்கு முன்னாடியே கை இழுத்துக்குதில்லையா, அது மாதிரி. வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தா அவன் திரும்பிப் பார்ப்பான், கத்துவான். போய்ச் சேரலை. ஆரம்பத்துல கத்தினானா?" கத்தினான் என்று தலையாட்டினாள். "எப்ப கத்தறதை நிறுத்தினான், ஞாபகம் இருக்கா?" ஞாபகமா. ஒப்புட்டு சுட்ட கை இது. வாழையிலையில் நெய் தடவித் தட்டிய கை. குழாயைத் திறக்க மறந்த காலை, பிஸ்கட் தின்கிற சத்தம், வலி கொறஞ்சிருச்சு புள்ள. "வெள்ளிக்கிழமைங்க," என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "அதுக்கு முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் நிறுத்திக்கொண்டார். அவள் விடவில்லை. "வந்திருந்தா? சொல்லுங்க டாக்டர், வந்திருந்தா?" அவர் கையுறையைக் கழற்றினார். "கத்திக்கிட்டிருந்த வரைக்கும் நல்ல வாய்ப்பு இருந்தது. பெரும்பாலும் எழுந்து நடந்திருப்பான். இப்ப ஆபரேஷன் பண்ணினாலும் நடப்பான்னு என்னால சொல்ல முடியாது, உங்களுக்கு வீணா ஆசை காட்ட மாட்டேன்." பிறகு அவர் சொன்னதெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்தது, வயிற்றை அழுத்திச் சிறுநீரை நாமே எடுத்துவிட வேண்டும், புண்ணுக்கு மருந்து, பார்த்துக்கொள்ள முடிந்தால் அவன் சந்தோஷமாக இருப்பான், முடியாவிட்டால் ஊசி போட்டு... வேண்டாமுங்க என்றாள் உடனே. அப்போ சக்கர வண்டி கட்டிக்கலாம், இப்ப எடுத்த அளவே அதுக்கும் போதும், என்றார் டாக்டர். சக்கரம். ஆயுசு முழுக்கச் சக்கரம் தட்டிய மனுஷனுக்குக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே சக்கரம். அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் பயந்துபோய் நாற்காலியை நகர்த்தினாள்.

கூடத்துக்குப் போகிற வழி நீளமாக இருந்தது. கூட்ஸ் அவள் தோளில் கிடந்தான், முன்னங்கால்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள, பின்னங்கால்கள் அவள் வயிற்றில் இடித்துக்கொண்டு வந்தன. வலி கொறஞ்சிருச்சு. அவன் உடம்புக்குள் கடைசி நூல் அறுந்த நாளில் வெல்லம் போட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். மூன்று நாள் அவன் கத்திக் கத்திச் சொன்னான், இன்னும் இருக்கிறேன், இன்னும் இருக்கிறேன், தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று. கேட்க முடியாமல் அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் அழுத்தினார், அவள் குழாயைத் திறந்தாள். உங்களாலதான். வார்த்தை இப்போது நுனி நாக்கில் இருந்தது, டாக்டரே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார், இனி யாரும் மறுக்க முடியாது. பெரும்பாலும் எழுந்து நடந்திருப்பான். அதை அப்படியே எடுத்துப்போய் அவர் முகத்தில் வீசினால் அவர் சாகிற வரைக்கும் தலை நிமிர மாட்டார். நிமிர வேண்டாம். எதற்கு நிமிர வேண்டும். நான் அன்னிக்கே சொன்னனில்ல. ஒருதரம். ஒரே ஒருதரம். அந்த ஒருதரத்தை வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்று விரல் நீட்டலாம், அவருக்கு அது போதும், அவர் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே, அவர் வேண்டாம் என்று சொன்னபோது அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று. அவள் நாயின் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டாள், அவன் மேல் தவிட்டு வாடை அடித்தது.

குழந்தைவேல் பெஞ்சில் இல்லை. கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார், வெகு நேரமாக நிற்கிறவர் மாதிரி. அவள் முகத்தைப் பார்த்ததும் ஆபரேஷனா என்று கேட்கவில்லை, நடப்பானா என்று கேட்கவில்லை. "நான் லேட் பண்ணிட்டனா புள்ள?" என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன, அழுத்திய நகம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷமாகப் பார்க்கிற விரல்கள். அவற்றில் முரட்டுத்தனம் இருந்ததில்லை. அவன் கத்தும்போதெல்லாம் அவர் கண்ணிலும் நீர் நின்றது, அதையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள், இவ்வளவு நேரம் அதை நினைக்காமல் இருந்துவிட்டாள். "இல்லீங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "அன்னிக்கே வந்திருந்தாலும் இதேதானாமுங்க. இந்த நோவு அப்படியாம். முதுகு நீளமாப் பொறந்தா வர்றதாம், யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்." அவர் நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டார். "டாக்டரே சொன்னாரா?" "டாக்டரேதானுங்க சொன்னாரு." "அப்பச் சரி," என்றார். "அப்பச் சரி புள்ள. அப்பச் சரி." சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவர், கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, துண்டைக்கூடத் தேடாமல், வாய்விட்டு அழுதார். அவள் நாயை அவர் மடியில் வைத்தாள். சக்கர வண்டி செய்து தருவார்களாம், அளவு எடுத்தாயிற்று, வலி எதுவும் இல்லையாம், என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், கடைசியாகச் சொன்னதுதான் உண்மையிலும் உண்மை. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்ஸின் பின்னங்கால்களை எடுத்து ஒழுங்காக மடித்து வைத்தார். "இருந்தாலும் புள்ள," என்றார், "காலையில காலையில நான் அமுக்கிப் பாத்துக்கிட்டே இருக்கறேன். இப்பவும் பதில் சொல்றானில்ல. என்னிக்காவது எந்திரிச்சாலும் எந்திரிப்பான்." மங்கையர்க்கரசி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக் காலை காபிக்குப் பிறகு, அதற்கு அடுத்த காலை, அப்புறம் எல்லாக் காலைகளிலும் அவர் அந்த விரலை அழுத்துவார், கால் இழுக்கும், அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார்.

"அமுக்கிப் பாருங்க," என்றாள்.